கட்டடம் புதுசு... தூரம் எவ்ளோ பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். செமஸ்டர் இல்லை, பயப்படாதீங்க. அரியர் எல்லாம் விழாது!

ஒண்ணாம் வகுப்புக்கு நீங்க எப்படிப் போனீங்க? அப்பா பைக்ல பெட்ரோல் டேங்க் மேல உட்கார்ந்தா, மஞ்சள் வேன்ல நசுங்கியா, இல்லை அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா?

நடந்து போனவங்களுக்கு இன்னொரு கேள்வி. அந்த ஸ்கூல் இப்பவும் அங்கே இருக்கா?

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்திருக்கும்னு சொல்லட்டுமா? ஓட்டுக் கூரை அல்லது ஒழுகும் மொட்டை மாடி. வாசல்ல ஒரு வேப்பமரம். தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்ட மணி. சுவர்ல காமராஜர், காந்தி, கூடவே பாதி அழிஞ்சுபோன தமிழ்நாடு மேப். மழை வந்தா எந்த மூலையில தண்ணி சொட்டும்னு டீச்சரைவிட நமக்கு நல்லாத் தெரியும்!

அந்தக் கட்டடங்கள்ல பலதை இப்ப இடிக்கிறாங்க. அந்த இடத்துல பளபளனு புது வகுப்பறைகள் வருது. டைல்ஸ் போட்ட தரை, ஃபேன், ஸ்மார்ட் போர்டுனு செம கெத்து. சந்தோஷமான விஷயம்தான், கைதட்டுவோம். தட்டி முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டுடுவோம். புது ஸ்கூல் பழைய ஸ்கூல் இருந்த இடத்துலயேதான் வருதா?

அதுல என்ன பாஸ் இருக்குனு கேட்கறீங்களா? நிறைய இருக்கு. வாங்க.

பெயின்ட் அடிச்சா சரியாகுமா?

முதல்ல, பழசை ஏன் இடிக்கணும்? 'எங்க தாத்தா படிச்ச கட்டடம், கல்லு மாதிரி நிக்குது'னு சொல்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு. அவங்களுக்காக ரெண்டு தேதி.

2004, ஜூலை 16. கும்பகோணம். சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், குறுகலான வழி. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இந்தச் சம்பவம் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளிக்கூடமும் அதில் அடக்கம் என்று 2009 ஏப்ரலில் கோர்ட் தீர்ப்பு சொன்னது.

2021, டிசம்பர் 17. திருநெல்வேலி. ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இன்டர்வெல் நேரத்தில் பாத்ரூம் போன பசங்க. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, மோசமானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. புதுக் கட்டடங்களுக்காக 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதே 2022 டிசம்பரில், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளிகளுக்கு உதவ 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் தொடங்கியது.

இனி கொஞ்சம் எங்க சிவில் டிபார்ட்மென்ட் சமாசாரம். சி.எஸ்., மெக்கானிக்கல் மக்கள் ரெண்டே நிமிஷம் பொறுத்துக்கோங்க.

கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி ஏன் உடனே துருப்பிடிக்கறது இல்லை? புது கான்கிரீட்டின் பி.எச். 12-க்கு மேல, நல்ல காரத்தன்மை. அது கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வெச்சிருக்கும். வருஷங்கள் ஓட ஓட, காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே நுழையும். பி.எச். 9 பக்கம் இறங்கும். படலம் போச்சு. அப்புறம் மழைத் தண்ணியும் காற்றும் சேர்ந்தா துருதான். கடலோர ஊர்னா உப்பு வேற சேர்ந்துக்கிட்டு, வேலையைச் சீக்கிரமே முடிச்சுடும்.

துருவோட கெட்ட குணம் என்ன தெரியுமா? அது கம்பியை மாதிரி ரெண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளேயிருந்து உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். முதல்ல கம்பி ஓடுற வரிசையிலேயே ஒரு கோடு மாதிரி விரிசல். அப்புறம் காவி நிறக் கறை. அப்புறம் ஒருநாள் மூணாம் வகுப்புக் கணக்கு பீரியட்ல மேல்பூச்சு பெயர்ந்து 'தொப்'னு விழும். ஸ்லாப்புக்குக் கம்பியை மூடிச் சாதாரணமா 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கணும். சென்ட்ரிங் போடும்போது கவர் பிளாக் வைக்காம சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா அதுவும் இருக்காது. அந்தச் சோம்பேறித்தனம் அப்ப யார் கண்ணுக்கும் தெரியாது. 25 வருஷம் கழிச்சு, அப்ப பிறந்தேயிருக்காத ஒரு குழந்தையின் தலைக்கு மேல தெரியும்.

நம்ம காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப் எல்லாம் எங்கே நடக்கும்? கிராமத்துப் பள்ளியிலதான். ஏழு நாள் கேம்ப்ல ரெண்டு நாள் பெயின்ட் அடிக்கிற வேலை கட்டாயம் உண்டு. சுவர் பூரா மிக்கி மவுஸ், குட்டியானை, அ ஆ இ ஈ! அழகுதான். ஆனா விரிசல் மேல டிஸ்டெம்பர் அடிச்சா விரிசல் மறையுமே தவிர, சரியாகாது. அடுத்த வருஷம் ஆய்வுக்கு வர்ற இன்ஜினீயர் கண்ணுக்கும் படாது. அதனால பிரஷ்ஷைத் தொடறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாருங்க. 'டொக்'னு வெறுமையாச் சத்தம் வந்தா பூச்சு பிரிஞ்சு நிக்குதுனு அர்த்தம். போட்டோ எடுங்க, தலைமை ஆசிரியர்கிட்ட எழுதிக் கொடுங்க. மிக்கி மவுஸ் அப்புறம் வரட்டும்.

ஆக, வயசான கட்டடம் போகணும். இதுல சென்டிமென்ட்டுக்கு இடமே இல்லை.

இடிச்ச பிறகு என்ன நடக்கும்?

இங்கேதான் கதை மூணாப் பிரியுது.

ஒண்ணு, அதே இடத்துல புதுசு வரும். ஹேப்பி எண்டிங்.

ரெண்டு, இடிப்பாங்க, ஆனா புதுசு வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் பசங்க மரத்தடியிலயும், கோயில் மண்டபத்துலயும், சமுதாயக் கூடத்துலயும் உட்கார்ந்திருப்பாங்க. 2021-க்குப் பிறகு பல ஊர்களில் இது நடந்தது. பொறுத்துப் பார்த்த அப்பா அம்மா, 'சரி, வேன் வர்ற பிரைவேட் ஸ்கூல்லயே சேர்த்துடுவோம்'னு போயிடுவாங்க. கட்டடம் வர்றப்ப பசங்க இருக்க மாட்டாங்க.

மூணு, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு மூணு பழைய ஸ்கூலை மூடிட்டு, எல்லாருக்கும் சேர்த்து நடுவுல ஒரே ஒரு பெரிய புது ஸ்கூல். கேட்கறப்ப ரொம்ப நியாயமாத்தான் இருக்கும். உலகம் முழுக்க அதிகாரிகளுக்குப் பிடிச்ச ஐடியா இதுதான்.

மூணாவதை நல்லா அலசுவோம். அதுக்குப் பின்னாடி நிஜமான காரணங்கள் இருக்கு, அதை மறைக்கக் கூடாது.

நிறைய தொடக்கப் பள்ளிகளில் பசங்க குறைஞ்சுட்டாங்க. இந்தியாவில் சுமார் 28 சதவீத அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 30-க்கும் குறைவான மாணவர்கள்தான் இருக்காங்கனு 2016-17 கணக்கை வெச்சு தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லுது. தமிழ்நாட்டிலும் 2019-ல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமா மாத்தறதா அரசு சொன்னது. பன்னிரண்டு பசங்க படிக்கிற ஸ்கூல்ல என்ன நடக்கும்? அஞ்சு வகுப்பும் ஒரே அறையில. கபடிக்கு ரெண்டு டீம் பிரிக்க ஆள் தேறாது. நாலாங்கிளாஸ்ல ஒரே ஒரு பையன் இருந்தா, அவனே ஃபர்ஸ்ட் ரேங்க், அவனே லாஸ்ட் ரேங்க்! ஒரு டீச்சர் லீவு போட்டா இன்னொருத்தர் பாடு அம்பேல்.

இதெல்லாம் உண்மை. அதனால 'சேர்க்கவே கூடாது'னு நான் கொடி பிடிக்கலை. ஆனா சேர்த்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க பாருங்க, அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா?

ஒரு கற்பனை ஊரு, ஒரு நிஜக் கணக்கு

ஒரு ஊரைக் கற்பனை பண்ணிக்கோங்க. மேலத்தெருவில் ஒரு ஸ்கூல், 38 பசங்க. கீழத்தெருவில் ஒண்ணு, 22 பசங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒண்ணு, 14 பசங்க. மொத்தம் 74.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமல். அதில் எத்தனை பசங்களுக்கு எத்தனை ஆசிரியர்னு பட்டியலே இருக்கு. ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை 60 பேர் வரைக்கும் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 120 தாண்டினாத்தான் 5.

மூணு ஸ்கூல் தனித்தனியா இருந்தா 2, 2, 2, மொத்தம் 6 ஆசிரியர்கள். மூணையும் ஒண்ணாச் சேர்த்தா? 74 பசங்க, 3 ஆசிரியர்கள்! ஆறு பேர் மூணு பேராயிட்டாங்க. வகுப்புகள் மட்டும் அதே அஞ்சு. 'வகுப்புக்கு ஒரு டீச்சர்' கனவு 121-வது பையன் வந்து சேர்ற வரைக்கும் சட்டப்படி நிச்சயம் இல்லை. அரசாங்கம் மனசு வெச்சு அதிகம் கொடுத்தா கொடுக்கலாம். அதனால 'சேர்த்தா தரம் உயரும்'னு யாராவது சொன்னா, 'சேர்த்த பிறகு எத்தனை டீச்சர் சார்?'னு கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க.

அடுத்து தூரம். அதே சட்டத்தின் விதிகள் என்ன சொல்லுதுன்னா, தொடக்கப் பள்ளி குழந்தையின் வீட்டிலிருந்து நடந்து போகிற 1 கிலோமீட்டருக்குள் இருக்கணும். நடுநிலை வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர்.

ஒரு கிலோமீட்டர்தானே, காலேஜ் கேட்டிலிருந்து நம்ம பிளாக்குக்கே அவ்வளவு தூரம் இருக்கும்னு தோணும். ஆனா இது ஆறு வயசுக் குட்டியோட கிலோமீட்டர் பாஸ். ஒரு எட்டுக்கு அரை மீட்டர்னு வெச்சாக்கூட 2,000 எட்டு. போக வர 4,000. வருஷத்துக்குக் குறைஞ்சது 200 வேலை நாள்னு சட்டம் சொல்லுது. ஆக 8 லட்சம் எட்டு, முதுகுல பையோட. நடுவுல நாய், லாரி, மழை, யாரோ பறிச்சுப் போட்ட கொடுக்காப்புளி எல்லாம் இருக்கு. கொடுக்காப்புளி மட்டுமே அஞ்சு நிமிஷம் சாப்பிடும்!

அதுவும் எப்படி அளக்கறாங்கங்கறது முக்கியம். மேப்ல ஸ்கேல் வெச்சா காக்கா பறக்கிற தூரம்தான் வரும். குழந்தை பறக்காதே! ஓடைக்கு அந்தப் பக்கம் 600 மீட்டர்ல ஸ்கூல் தெரியும். ஆனா பாலம் ஒன்றரை கிலோமீட்டர் சுத்தி இருக்கும். கார்த்திகை மாச மழையில ஓடையே சாலையாயிடும். நாலுவழிச் சாலை குறுக்கே போனா கதை முடிஞ்சது. பெரியவங்களே அதைக் கடக்க சாமி கும்பிட்டுட்டுத்தான் போறாங்க.

இன்னொண்ணும் இருக்கு, நாம பொதுவா சத்தமாப் பேசாதது. புது ஸ்கூல் எந்தத் தெருவுல? ஊருக்குள்ளயா, காலனியிலயா? காலனிப் பசங்க எந்தத் தெரு வழியா நடந்து வரணும்? ஊருக்குள்ள இருக்கிறவங்க தங்கள் பிள்ளைகளைக் காலனி ஸ்கூலுக்கு அனுப்புவாங்களா? எல்லாப் பசங்களும் ஒரே பெஞ்சில உட்கார்றது நிச்சயமா நல்லது. சேர்க்கிறதுல இருக்கிற பெரிய நன்மையே அதுதான்னுகூட நான் சொல்லுவேன். ஆனா எப்பவும் ஒரே தெருவுப் பசங்கதான் நடக்கணும்னா, அது சேர்க்கிறது மாதிரித் தெரியலையே!

சீனாவில் செஞ்சு பார்த்தாங்க

இந்த 'சேர்த்துக் கட்டுற' ஐடியாவை உலகத்திலேயே பெரிய அளவில் செஞ்சு பார்த்தது சீனா. 2001-ல் தொடங்கினாங்க. கிராமத்துச் சின்னப் பள்ளிகளை மூடி, டவுன்ல பெரிய பள்ளி. 2000-ல் சுமார் 4,40,000 இருந்த கிராமத் தொடக்கப் பள்ளிகள் 2010-ல் சுமார் 2,10,000 ஆச்சு. பத்தே வருஷத்தில் பாதிக்கும் மேல காலி! பத்து மாகாணங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2012-ல் வெளியாச்சு. கிராமத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குப் பள்ளி சராசரியா 5 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிருந்தது. சின்னஞ்சிறுசுகள் ஹாஸ்டல்ல. மத்தவங்க கிடைச்ச வண்டியில.

2011 நவம்பர் 16, கான்சு மாகாணத்தில் ஒரு மழலையர் பள்ளி வேன் லாரியில் மோதியது. ஒன்பது பேர் உட்காரக்கூடிய வண்டி. உள்ளே இருந்தது 64 பேர். 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பள்ளிகள் ஊரை விட்டு விலகிப் போனதைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. 2012 செப்டம்பரில் சீன அரசே பிரேக் போட்டது. இஷ்டத்துக்கு மூடக் கூடாது, பெற்றோரைக் கேட்கணும், ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரை இருக்கிற குழந்தைகள் முடிந்தவரை ஹாஸ்டலில் தங்காமல் பக்கத்திலேயே போய் வந்து படிக்கணும்னு சொன்னாங்க. பதினொரு வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்ட பாடம்.

நம்ம நாட்டுக்கே வாங்க. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு, 50-க்கும் குறைவான பசங்க இருக்கிற பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோட இணைக்க உத்தரவு போட்டது. பெற்றோர் போராட்டம், ஐகோர்ட்டில் வழக்குனு ஒரே அமளி. ஜூலை கடைசியில், 1 கிலோமீட்டருக்கு மேல தூரம் இருந்தா இணைக்க மாட்டோம்னு அரசு அறிவிச்சது. பார்த்தீங்களா, கடைசியில எல்லாரும் வந்து நிக்கிற இடம் அந்த ஒரு கிலோமீட்டர்தான்!

பக்கத்துல இருக்கிறதால என்ன லாபம்?

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. காமராஜர் காலத்தில் ஒற்றை ஆசிரியர் பள்ளியா இருந்தாலும் பரவாயில்லை, ஊர்தோறும் ஒண்ணு இருக்கட்டும்னு திறந்தாங்க. 1956-ல் மதிய உணவு. 1950-களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்களே நிலமும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தாங்க. இன்னிக்கு நாம இடிக்கிற ஓட்டுக் கட்டடங்களுக்குப் பின்னாடி அப்படி யாரோ ஒருத்தர் கொடுத்த இடம் இருக்கலாம்.

ஸ்கூல் பக்கத்துல இருந்தா சோறும் பக்கத்துல. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கூலி வேலைக்கு விடிகாலையில் கிளம்பற அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதினு யோசிச்சுப் பாருங்க. பிள்ளை தானா நடந்து போய் உப்புமா சாப்பிடும். அதே ஸ்கூல் மூணு கிலோமீட்டர் தள்ளிப் போனா? யாராவது கொண்டுபோய் விடணும். அம்மா வேலைக்குப் போக முடியாது, இல்லைனா ஏழாவது படிக்கிற அக்கா லேட்டாப் போவா. கட்டடத்துக்கான எஸ்டிமேட்டில் செங்கல், சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் வரும். இந்த அக்காவோட லேட் எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

வேன் விட்டா போச்சு என்பீங்க. தொலைதூரக் குடியிருப்புப் பசங்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கு. நல்லது. ஆனா கட்டடம் ஒரு தடவைச் செலவு, வேன் ஒவ்வொரு மாசமும் செலவு. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவாங்க. மூணாவது வருஷம் டீசல் காசு யார் தர்றாங்கனு பார்க்க யாரும் வர மாட்டாங்க.

புதுசு கட்டும்போது கவனிக்க...

உங்க ஏரியாவில் புது ஸ்கூல் வருதா? சிவில்காரனா நான் கேட்கச் சொல்ற கேள்விகள் இதோ.

இடம்: பழைய ஸ்கூல் இருந்த இடத்திலேயே கட்ட முடியாதா? முடியாதுனா ஏன்? கடைசி வீட்டிலிருந்து நடந்து எவ்வளவு?

இடைக்காலம்: இடிக்கிற தேதியோட, கட்டி முடிக்கிற தேதியும் சொல்லுங்க. அதுவரை வகுப்பு எங்கே, டாய்லெட் எங்கே, சமையல் எங்கே?

உயரம்: படிக்கட்டு, ஜன்னல், தண்ணிக் குழாய், கைகழுவும் இடம், டாய்லெட் எல்லாம் ஆறு வயசு உயரத்துக்கு இருக்கா? பி.டபிள்யூ.டி. ஆபீஸ் டாய்லெட்டை அப்படியே கொண்டுவந்து வெச்சா குட்டிப் பசங்க என்ன செய்வாங்க?

சாய்தளம்: வீல்சேர் ஏறணும். செங்குத்தா ஒரு சறுக்குமரம் கட்டிட்டு 'ரேம்ப்'னு கணக்கு காட்டக் கூடாது.

தனி டாய்லெட், குடிதண்ணி, சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர்: இதெல்லாம் யாரும் செய்ற தானம் இல்லை. சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கு.

மொட்டை மாடித் தண்ணி: மழைநீர் இறங்கற பைப் எத்தனை? அடைச்சா சுத்தம் பண்றது யார்? கட்டடத்தோட ஆயுசில் பாதி இந்த ஒரு பைப்பில்தான் இருக்கு. கைப்பிடிச் சுவரில் அரசமரக் கன்று முளைச்சா, அன்னிக்கே பிடுங்கணும்.

செலவில்லாத ஒரு சூப்பர் ஐடியாவும் இருக்கு. கபீர் வாஜ்பாயிங்கற ஆர்க்கிடெக்ட் பிரபலப்படுத்தினது. கட்டடத்தையே பாடப் புத்தகமா மாத்தறது. கதவு திறக்கிற இடத்துல தரையில் கோண அளவுகளை வரைஞ்சுட்டா, ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் 30 டிகிரி, 60 டிகிரி, 90 டிகிரி! ஜன்னல் கம்பியிலேயே எழுத்து வடிவங்கள், குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். உங்க என்.எஸ்.எஸ். டீமுக்கு மிக்கி மவுஸுக்குப் பதில் இதோ வேலை!

நாம என்ன பண்ணலாம்?

'நாங்க காலேஜ் பசங்க, எங்க பேச்சை யாரு கேட்பா?' என்பீங்க. கேட்க வைக்க வழி இருக்கு.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்னு சட்டம் சொல்லுது. தமிழ்நாட்டில் 2024-ல் மாற்றியமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அதாவது உங்களுக்கும் எனக்கும்! கிராமம்னா கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நமக்கும் லீவு நாள்தான். 18 வயசு தாண்டி ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தா நீங்களும் உறுப்பினர். எழுந்து நின்னு கேட்கலாம், தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க பழைய ஸ்கூலுக்குப் போங்க. கூரையையும் சன்ஷேடையும் அண்ணாந்து பாருங்க. காவிக் கறை, நேர்கோட்டு விரிசல், வெளியே தெரியற கம்பி இருந்தா போட்டோ எடுங்க. இடிக்க வேண்டியதுனு தோணினா இடிக்கச் சொல்லி மனு கொடுங்க, தயங்காதீங்க.

அப்புறம், புது ஸ்கூலை வேற இடத்தில் கட்டப் போறதாப் பேச்சு இருந்தா, ஊரோட கடைசி வீட்டுக்குப் போங்க. அந்த வீட்டுல ஒரு ஒண்ணாங்கிளாஸ் குட்டி இருக்கும். அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு, அந்தக் குட்டியோட வேகத்திலேயே புது இடம் வரைக்கும் நடந்து பாருங்க. கையில் வாட்ச் இருக்கட்டும். எத்தனை நிமிஷம், எத்தனை ரோடு, எத்தனை நாய்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க.

அடுத்த கிராம சபையில் அந்தப் பேப்பரைப் படிங்க. அந்தக் குட்டிக்கு அங்கே மைக் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும்.